தோட்டக்காரனும் பாவிப்பெண்ணும்: மகதலா மரியாள் வரலாற்றில் இரு அடையாள மயக்கங்கள்

ஒருவரை வேறொருவராகக் கருதுதலும், அதன் வழியாக ஆன்மிக உண்மையொன்றைப் பிறழ மதிப்பிடுதலும் கிறித்தவ விவிலியத்திற் பல இடங்களில் எடுத்துரைக்கப்படும் பொருளாகும். சீலோ ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய மௌனமாக மன்றாடிய அன்னாளை மதுமயக்கத்திலிருப்பவள் எனக் குருவாகிய ஏலி கடிந்துகொண்டார் (1 சாமுவேல் 1). இயேசுவின் செயல்களைக் கேள்வியுற்ற ஏரோது, தான் தலை வெட்டுவித்த திருமுழுக்கு யோவானே உயிர்பெற்று வந்துள்ளார் என எண்ணினான் (மாற்கு 6). லீஸ்திரா நகர மக்கள் பர்னபாவையும் பவுலையும் மனித உருக்கொண்டு இறங்கிய கிரேக்கத் தெய்வங்கள் எனக் கொண்டு அவர்களுக்குப் பலியிட முற்பட்டனர் (அப்போஸ்தலர் பணிகள் 14). எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவர், தம்முடன் வழிநடந்தவர் இயேசுவே என்பதை அப்பம் பிட்கப்படும் வரையும் அறிந்திலர் (லூக்கா 24). இவர்கள் அனைவரும் கண்ணாற் கண்டது உண்மை. கண்டதிலிருந்து எய்திய முடிபே பிழையாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகளுள் மகதலா மரியாளின் வரலாறு தனித்து நோக்கற்பாலது. ஒருவரைத் தவறாக அடையாளங் கண்டவராகவும், பின்னர்த் தாமே தவறாக அடையாளங் காணப்பட்டவராகவும் அவர் விளங்குகின்றார். உயிர்த்தெழுந்த இயேசுவை அவர் தோட்டக்காரன் என எண்ணினார். அம்மயக்கம் சில கணங்களில் நீங்கிற்று. மேலைத்தேயத் திருச்சபையோ அவரை ஊரறிந்த பாவிப்பெண் எனக் கொண்டது. அம்மயக்கம் நீங்குவதற்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகள் சென்றன. ஒரு மயக்கம் விரைவில் திருந்தியதற்கும் மற்றையது பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்கும் காரணம் யாது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றது.

நற்செய்தி நூல்கள் தரும் செய்தி

மகதலா என்பது கலிலேயக் கடலின் மேற்குக் கரையில், திபேரியா நகருக்கு வடக்கே அமைந்திருந்த ஊராகும். மீன்பிடித் தொழிலாலும் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலாலும் அவ்வூர் வளம் பெற்றிருந்தது. 2009ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற அகழாய்வில் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. அதனுட் கண்டெடுக்கப்பட்ட சிற்ப வேலைப்பாடமைந்த கல்லில் ஏழு கிளை விளக்குத்தண்டின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. எருசலேம் ஆலயம் அழியுமுன் அமைந்த அவ்வுருவம், அங்கு வாழ்ந்த யூத மக்களின் சமய வாழ்வுக்குச் சான்று பகர்கின்றது.

இவ்வூர்ப் பெயரால் அறியப்பட்ட மரியாள் பற்றி நற்செய்தி நூல்கள் கூறுவன சிலவே. இயேசுவும் பன்னிருவரும் ஊர்கள்தோறும் சென்றபோது உடன்சென்ற பெண்களுள் அவர் முதலிற் குறிக்கப்படுகின்றார். அவரிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்றும், அவரும் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்களும் தத்தம் உடைமைகளைக் கொண்டு இயேசுவின் குழுவினருக்குப் பணிவிடை செய்தனர் என்றும் லூக்கா கூறுகின்றார் (லூக்கா 8:1-3). சிலுவையண்டை நின்றோருள்ளும், இயேசுவின் உடல் வைக்கப்பட்ட இடத்தைப் பார்த்தோருள்ளும், வாரத்தின் முதல் நாட் காலையிற் கல்லறைக்குச் சென்றோருள்ளும் அவர் இடம்பெறுகின்றார். கல்லறைக்குச் சென்ற பெண்களின் பெயர்கள் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. ஆயினும் மகதலா மரியாளின் பெயர் நான்கு நூல்களிலும் மாறாது காணப்படுகின்றது.

இங்கு இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, அவர் ஒழுக்கக்கேடுடையவர் என்றோ பரத்தையென்றோ நற்செய்தி நூல்களில் ஓரிடத்திலேனும் கூறப்படவில்லை. இரண்டாவது, பேய்பிடித்தல் அந்நூல்களில் ஒரு துன்பமாகவே கருதப்படுகின்றதன்றி ஒழுக்கக் குற்றமாகக் கருதப்படவில்லை. கெரசேனர் நாட்டிற் கல்லறைகளிடையே அலைந்தவனிடத்திலிருந்து பேய்க்கூட்டமே நீங்கியதாக மாற்கு கூறுகின்றார். அவனைப் பெரும் பாவியென எவரும் கொண்டிலர். மரியாளுக்கு மட்டும் வேறு அளவுகோல் பயன்படுத்தப்பட்டமை பின்னர் நிகழ்ந்ததாகும்.

தோட்டத்தில் நிகழ்ந்த மயக்கம்

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் மரியாளின் மயக்கத்தை விரிவாகச் சித்திரிக்கின்றது. இருள் நீங்குமுன் கல்லறைக்கு வந்த மரியாள், வாயிற்கல் அகற்றப்பட்டிருந்தமையைக் கண்டு ஓடிச்சென்று பேதுருவுக்கும் மற்றொரு சீடருக்கும் அறிவித்தார். அவ்விருவரும் விரைந்து வந்து, உள்ளே கிடந்த துணிகளைக் கண்டு, தம் இருப்பிடத்திற்குத் திரும்பினர். மரியாள் மட்டும் அங்கே நின்று அழுதார். பின்பு திரும்பியபோது இயேசு நிற்பதைக் கண்டும் அவர் இன்னாரென அறியவில்லை. தோட்டக்காரன் என எண்ணி, உடலை எடுத்துச் சென்றிருந்தால் வைத்த இடத்தைக் கூறும்படியும், தாம் அதனைக் கொண்டுசெல்வதாகவும் வேண்டினார்.

இம்மயக்கம் அறிவின்மையால் விளைந்ததன்று. கல்லறை ஒரு தோட்டத்தினுள் அமைந்திருந்தது என்பதை யோவான் முன்னரே குறிப்பிட்டுள்ளார் (யோவான் 19:41). அதிகாலையில், ஆளரவமற்ற தோட்டத்தில் நிற்கும் ஒருவன் அத்தோட்டத்தைப் பேணுபவனாக இருப்பான் எனக் கருதுதல் இயல்பு. மரியாள் இறந்த ஒருவரின் உடலைத் தேடி வந்தவர். உயிருள்ள ஒருவரை எதிர்பார்த்து வந்தவரல்லர். அவர் தேடிய பொருளே அவர் பார்வைக்கு எல்லை வகுத்தது. கிடைத்த சான்றுகளிலிருந்து முறையாகவே அவர் ஒரு முடிபுக்கு வந்தார், அம்முடிபு தவறாயிற்று.

அது திருந்திய முறை மேலும் கருதத்தக்கது. இயேசு தம்மை இன்னாரென விளக்கவில்லை. அடையாளம் எதனையும் காட்டவில்லை. மரியாளின் பெயரை மட்டும் சொல்லி அழைத்தார். அக்குரலைக் கேட்டதும் அவர் திரும்பி, ஆசிரியரை விளிக்கும் எபிரேயச் சொல்லால் மறுமொழி கூறினார். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்றும் அவை அவன் குரலை அறியும் என்றும் அதே நூலின் பத்தாம் அதிகாரத்தில் முன்னர்க் கூறப்பட்ட உவமை இங்கு நிகழ்ச்சியாகின்றது. கண் தவறிய இடத்திற் செவி உண்மையை உணர்த்திற்று. தம் முடிபைக் கைவிடுவதில் மரியாளுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அம்முடிபைக் காப்பாற்றுவதால் அவருக்கு ஆகவேண்டியது எதுவும் இருந்ததில்லை.

தொடர்ந்து, தாம் கண்டதைச் சீடர்களுக்கு அறிவிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கிறித்தவ சமயத்தின் அடித்தளமான செய்தியை முதன்முதல் எடுத்துச் சென்றவர் அவரே என்பது யோவானின் கூற்றாகும். ஒரு பெண்ணின் சான்று எளிதில் ஏற்கப்படாத காலம் அது. பெண்களின் சாட்சியம் ஏற்கப்படலாகாது எனச் சட்டம் விதிப்பதாக முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான யோசேப்பு எழுதியுள்ளார். பெண்கள் கொணர்ந்த செய்தி அப்போஸ்தலர்களுக்கு வெறும் பிதற்றலாகத் தோன்றியது என லூக்காவும் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டோரைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் வரிசைப்படுத்துமிடத்து மரியாளின் பெயர் இடம்பெறவில்லை. இரண்டாம் நூற்றாண்டிற் கிறித்தவத்தைக் கண்டித்து எழுதிய செல்சு என்னும் கிரேக்க மெய்யியலாளர், நிலை தடுமாறிய ஒரு பெண்ணின் கூற்றை நம்பி எழுந்த சமயமென அதனை எள்ளிநகையாடினார். ஆகவே, மரியாள் பாவியெனக் கருதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவர் சான்றின் மதிப்பு வினாவுக்குள்ளாகியிருந்தது எனலாம்.

மூவர் ஒருவரான வகை

மகதலா மரியாளுடன் பின்னர் இணைக்கப்பட்ட பெண்கள் இருவர். ஒருவர் லூக்கா ஏழாம் அதிகாரத்தில் வரும் பெயர் குறிக்கப்படாத பெண். சீமோன் என்னும் பரிசேயன் வீட்டு விருந்தில் அவர் நுழைந்து, கண்ணீரால் இயேசுவின் பாதங்களை நனைத்து, கூந்தலால் துடைத்து, நறுமணத் தைலம் பூசினார். நகரிற் பாவியென அறியப்பட்டவர் என்று லூக்கா அவரைக் குறிப்பிடுகின்றார்; அப்பாவம் யாதென அவர் கூறவில்லை. மற்றையவர் பெத்தானியாவைச் சேர்ந்தவரும் மார்த்தாளுக்கும் இலாசருக்கும் சகோதரியுமான மரியாள். அவரும் இயேசுவின் பாதங்களில் விலையுயர்ந்த தைலம் பூசிக் கூந்தலால் துடைத்தார் என யோவான் கூறுகின்றார் (யோவான் 12).

இம்மூவரையும் ஒருவராகக் கொள்வதற்கு இடந்தந்த ஏதுக்கள் பல. மரியாள் என்பது அக்காலப் பலஸ்தீன யூதப் பெண்களிடையே மிகப் பரவலாக வழங்கிய பெயர்களுள் ஒன்று. சீமோன் என்பதும் அத்தகையதே. பெத்தானியாவில் தொழுநோயாளி சீமோன் வீட்டில் ஒரு பெண் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றியதாக மாற்கும் மத்தேயுவும் கூறுவதால், பரிசேயன் சீமோனும் தொழுநோயாளி சீமோனும் ஒருவரே எனக் கொள்ள இடமேற்பட்டது. இவற்றுடன் நூலமைப்பும் ஓர் ஏதுவாயிற்று. பாவிப்பெண்ணின் கதை லூக்கா ஏழாம் அதிகார இறுதியில் முடிய, எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் மகதலா மரியாள் அறிமுகஞ் செய்யப்படுகின்றார். அடுத்தடுத்து வந்த இரு பெண்களையும் ஒருவராகக் கொள்வது வாசகர்க்கு எளிதாயிற்று. ஆயின், முன்னைய கதையின் பெண் மகதலா மரியாளே எனின், லூக்கா அவரை அக்கதையிலேயே பெயர் சுட்டாது, அடுத்த பகுதியிற் புதியவர் போன்று அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை.

பண்டைய திருச்சபைத் தந்தையரிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து நிலவவில்லை. கீழைத்தேயத் திருச்சபைகள் மகதலா மரியாளைப் பாவிப்பெண்ணிலிருந்தும் பெத்தானியா மரியாளிலிருந்தும் வேறானவராகவே போற்றி வந்துள்ளன. அவர்கள் மரபில் அவர் கல்லறைக்கு நறுமணப் பொருள் ஏந்திச் சென்ற பெண்களுள் ஒருவராகவும், அப்போஸ்தலர்களுக்கு நிகரானவராகவும் வணங்கப்படுகின்றார். எனவே, பின்னர் மேலைத்தேயத்தில் நிலைபெற்ற கருத்து விவிலிய வாசகத்திலிருந்து தவிர்க்கவியலாது விளைந்ததொன்றன்று. அதே வாசகத்தைப் படித்த கீழைத்தேயத்தார் வேறு முடிபை எய்தினர்.

கிரகோரியாரின் மறையுரை

மேலைத்தேயத்தில் இக்கருத்துக்கு நிலையான வடிவந் தந்தவர் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் ஆவர். 591ஆம் ஆண்டில் உரோமாபுரியில் நிகழ்த்தியதாகக் கொள்ளப்படும் மறையுரையொன்றில், லூக்கா பாவியெனக் குறிப்பிட்ட பெண்ணும், யோவான் மரியாள் எனப் பெயரிட்டவரும், ஏழு பேய்கள் நீங்கியதாக மாற்கு கூறிய மரியாளும் ஒருவரே என்பது தம் நம்பிக்கை என அவர் உரைத்தார். ஏழு பேய்களை எல்லாத் தீயொழுக்கங்களின் குறியீடாக அவர் விளக்கினார். இயேசுவின் பாதங்களில் ஊற்றப்பட்ட தைலம், முன்னர்த் தகாத செயல்களுக்கென உடலிற் பூசப்பட்டதே எனவும் கொண்டார். லூக்கா கூறாது விட்ட பாவம் இவ்வாறு பாலியல் ஒழுக்கக்கேடாக வரையறுக்கப்பட்டது.

கிரகோரியாரின் காலச் சூழலைக் கருதாது அவரைக் குறைகூறுதல் வரலாற்று முறையாகாது. 589ஆம் ஆண்டிற் தைபர் ஆறு பெருக்கெடுத்து உரோமாபுரியைப் பாழ்படுத்தியது. அதனையடுத்துப் பரவிய கொள்ளைநோயால் 590இற் பாப்பரசர் இரண்டாம் பெலாகியு இறந்தார். இலம்பாடியரின் படையெடுப்பு அச்சுறுத்தலாக நின்றது. அவ்வாண்டிலேயே பதவியேற்ற கிரகோரியார், அழிவின் விளிம்பில் நின்ற மக்களை மனந்திரும்புமாறு அழைக்க வேண்டியவராயினார். பெரும் பாவியொருத்தி பெரும் அன்பினராக மாறினார் என்னும் வரலாறு அத்தேவைக்கு மிகப் பொருந்திற்று. மரியாளை இழிவுபடுத்துவது அவர் நோக்கமன்று. நம்பிக்கையிழந்தோருக்கு நம்பிக்கையூட்டுவதே நோக்கமாகும்.

இதனினும் நுட்பமான செய்தியொன்று உண்டு. யோவான் இருபதாம் அதிகாரத்தை விளக்கும் வேறொரு மறையுரையில், சீடர் திரும்பிச் சென்றபின்னும் மரியாள் கல்லறையைவிட்டு நீங்காமையைக் கிரகோரியார் பெரிதும் பாராட்டுகின்றார். அவர் இயேசுவைத் தோட்டக்காரன் என எண்ணியதையும் முற்றாகத் தவறெனக் கொள்ளவில்லை. மரியாளின் நெஞ்சில் நற்பண்புகளின் விதையை ஊன்றியவர் இயேசு. ஆதலின் ஒரு வகையில் அவர் தோட்டக்காரரே என்பது அவர் விளக்கம். மரியாளின் மயக்கத்தினுள்ளும் ஓர் உண்மையைக் காணும் அளவுக்கு நுண்ணிய உரையாசிரியர் அவர். அவரே மரியாளை இன்னாரென அறிவதிற் தவறினார் என்பது இவ்வரலாற்றின் பெரும் முரணாகும்.

லூக்காவின் கதையை மீண்டும் நோக்கின் இம்முரண் மேலும் தெளிவாகும். அங்கு தவறாக மதிப்பிடுபவன் பரிசேயனாகிய சீமோனே. இவர் இறைவாக்கினராயின் தம்மைத் தொடுபவள் எத்தகையவள் என அறிந்திருப்பார் என அவன் உள்ளத்துள் எண்ணுகின்றான். அவன் பார்வையில் அப்பெண்ணுக்கு 'பாவி' என்னும் அடையாளத்தைத் தவிர வேறொன்றில்லை. அப்பெண் செய்த பணிவிடைகளையும் அவன் செய்யத் தவறியவற்றையும் இயேசு ஒன்றொன்றாக எடுத்துக்காட்டி, அவன் மதிப்பீட்டைத் திருத்துகின்றார். ஒருவரை ஒற்றைப் பெயரடையில் அடக்கும் தவற்றைக் கண்டிக்கும் கதையே, பின்னர் வேறொரு பெண்ணை அதே பெயரடையில் அடக்குவதற்குக் கருவியாயிற்று.

மயக்கத்தின் வளர்ச்சியும் விளைவும்

கிரகோரியாரின் செல்வாக்கால் இக்கருத்து மேலைத்தேய வழிபாட்டிலும் கலையிலும் இலக்கியத்திலும் வேரூன்றிற்று. பாலைவனத்தில் தவமியற்றிய எகிப்திய மரியாளின் வரலாற்றுக் கூறுகளும் மகதலா மரியாள்மீது ஏற்றப்பட்டன. மகதலா மரியாள் தென்பிரான்சு சென்று, அங்கு நற்செய்தி அறிவித்து, இறுதியிற் குகையொன்றில் 30 ஆண்டுகள் தவம்புரிந்தார் என்னும் கதை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபு த வொரஜீன் தொகுத்த பொற்கதைத் தொகுதி வாயிலாக ஐரோப்பா எங்கும் பரவியது. தொனத்தெல்லோவின் மரச்சிற்பமும் திசியானோவின் ஓவியங்களும் நீள்கூந்தலும் கண்ணீருமாக அவரைச் சித்திரித்தன. கண்ணீர் மல்கும் மிகையுணர்ச்சியைக் குறிக்கும் 'மோட்லின்' என்னும் ஆங்கிலச் சொல் அவர் பெயரின் திரிபேயாகும்.

இடைக்காலத்தில் அவர் சாட்சியாளர் என்பது முற்றாக மறக்கப்பட்டது என்று கூறுதல் பொருந்தாது. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான புனித அல்பான் திருப்பாடற் சுவடியில், அவர் சீடர்முன் நின்று உயிர்ப்புச் செய்தியை அறிவிக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அப்போஸ்தலர்களின் அப்போஸ்தலர் என்னும் சிறப்புப்பெயரை அக்குவினாத் தோமையாரும் வழங்கியுள்ளார். ஆயின், மக்கள் மனத்தில் மேலோங்கி நின்றது அழும் பாவியின் உருவமே. அறிவிப்பவர் பின்தள்ளப்பட, அழுபவர் முன்வந்தார்.

இவ்வுருவம் பலருக்கு ஆறுதலளித்தது என்பது உண்மை. தம்மைத் தகுதியற்றோராக எண்ணிய எத்தனையோ பேர் மரியாளின் பெயரால் நம்பிக்கை பெற்றனர். எனினும், அப்பெயர் வேறொரு வகையிலும் பயன்பட்டது. 1758இல் இலண்டனிலும், 1767இல் டப்ளினிலும், வழிதவறியோர் எனக் கருதப்பட்ட பெண்களுக்கு மகதலேன் என்னும் பெயரில் இல்லங்கள் நிறுவப்பட்டன. அயர்லாந்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடக்கம் இவை கன்னியர் சபைகளின் பொறுப்பில் இயங்கும் சலவையகங்களாக விரிவடைந்தன. மணமாகாத தாய்மார், வறியோர், நீதிமன்றங்களால் அனுப்பப்பட்டோர், பிற விடுதிகளில் வளர்ந்த சிறுமியர் எனப் பலதிறத்தோர் அங்கு ஊதியமின்றி வேலை செய்தனர். 1922ஆம் ஆண்டு முதல் இறுதிச் சலவையகம் மூடப்பட்ட 1996ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 10,000 பெண்கள் இவற்றுட் சென்றிருந்தனர் என 2013இல் வெளியான அரச அறிக்கை கூறியது.

இவ்வில்லங்களுட் பலவற்றிற் பெண்கள் தவசிகள், அதாவது பாவத்துக்காக மனம் வருந்துவோர், என்றே அழைக்கப்பட்டனர். யாதொரு குற்றமும் செய்யாதோருக்கும் அதுவே பெயராயிற்று. உள்ளே வந்த பலருக்குச் சொந்தப் பெயர் நீக்கப்பட்டு வேறு பெயர் சூட்டப்பட்டது. 1993இல் டப்ளினில் இத்தகைய இல்லமொன்றின் காணி விற்கப்பட்டபோது அங்கிருந்த புதைகுழிகளிலிருந்து 155 பெண்களின் உடல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவருட் பலருக்கு இறப்புப் பதிவு இருக்கவில்லை. 2013 பெப்ரவரியில் அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

591இல் நிகழ்த்தப்பட்ட ஒரு மறையுரையே இக்கொடுமைகளுக்குக் காரணம் எனக் கூறுவது மிகையாகும். வறுமையும், சட்டமும், குடும்ப மானம் பற்றிய கருத்தும், அரசின் பொறுப்பின்மையுமே நேர்க் காரணங்கள். ஆயினும், ஒரு பெண்ணைப் பாவியெனக் கொண்டு வாழ்நாள் முழுதும் கழுவாய் தேட வைப்பது அவளுக்குச் செய்யும் நன்மையே என்னும் எண்ணத்துக்கு மகதலா மரியாளின் பெயர் புனிதத் தோற்றம் அளித்தது என்பதை மறுத்தல் இயலாது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டதால் உண்மையை உணர்ந்தவரின் பெயரைக் கொண்ட இல்லங்களிலே பெண்கள் தம் பெயரை இழந்தனர்.

எதிர்ப்பும் திருத்தமும்

இம்மயக்கத்தை எவரும் உணராதிருந்தனர் எனக் கருதலாகாது. 1517இற் பிரான்சிய அறிஞரான யாக் லெபேவர் தெத்தாப்ளு, மூவரும் வெவ்வேறானவர்கள் என விவிலியச் சான்றுகொண்டு நிறுவி நூலொன்றை வெளியிட்டார். அதனை மறுத்து இங்கிலாந்தின் உரொச்செஸ்ரர் ஆயர் யோன் பிஷர் 1519இல் எழுதினார். 1521இற் பாரிசு இறையியற் கல்லூரியினர் லெபேவரின் கருத்தைக் கண்டித்தனர். வழிபாட்டிலும் மறையுரையிலும் ஊறிப்போன ஒரு கருத்து தவறெனின், திருச்சபை போதித்த ஏனையவும் ஐயத்திற்கு உள்ளாகும் என்னும் அச்சமே இவ்வெதிர்ப்பில் மேலோங்கி நின்றது. லூத்தரின் சீர்திருத்த இயக்கம் தொடங்கிய காலமும் அதுவேயாதலின் அவ்வச்சம் மேலும் கூர்மையடைந்தது. மூவரும் ஒருவரா என்னும் வினா, யார் சொல்வதைத் திருச்சபை ஏற்பது என்னும் வினாவாக மாறிற்று.

கத்தோலிக்கத் திருச்சபையின் திருத்தம் 1969ஆம் ஆண்டில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தையடுத்துத் திருத்தியமைக்கப்பட்ட வழிபாட்டு நாட்காட்டி, யூலை 22ஆம் நாள் நினைவுகூரப்படுபவர் உயிர்த்தெழுந்த கிறித்து தோன்றிய மகதலா மரியாளே என்றும், அவர் பெத்தானியா மரியாளோ லூக்கா கூறும் பாவிப்பெண்ணோ அல்லர் என்றும் தெளிவுபடுத்தியது. அந்நாளுக்குரிய நற்செய்தியாக முன்னர் வாசிக்கப்பட்ட லூக்கா ஏழாம் அதிகாரப் பகுதிக்குப் பதிலாக யோவான் இருபதாம் அதிகாரப் பகுதி குறிக்கப்பட்டது. பாப்பரசர் பிரான்சிசு காலத்தில், 2016 யூனில், அந்நினைவு நாள் அப்போஸ்தலர்களின் விழாக்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது. 2021இல் மார்த்தாள், மரியாள், இலாசர் ஆகிய மூவருக்கும் யூலை 29ஆம் நாள் ஒருங்கே நினைவு நாளாக்கப்பட்டமையால், பெத்தானியா மரியாளும் தமக்குரிய தனியிடத்தைப் பெற்றார்.

நாட்காட்டியில் நிகழ்ந்த திருத்தம் மக்கள் மனத்தில் உடனே நிகழ்ந்துவிடவில்லை. 1969இன் பின்னர் வெளிவந்த திரைப்படங்களிலும் நாடகங்களிலும் மகதலா மரியாள் திருந்திய பரத்தையாகவே பெரும்பாலும் தோன்றினார். பழைய கருத்தை மறுக்க எழுந்த சில நூல்கள், அவரை இயேசுவின் மனைவியெனக் கற்பித்தன. அதற்கும் நற்செய்தி நூல்களில் ஆதாரமில்லை. ஒரு தவறான அடையாளத்தைக் களைந்து வேறொரு தவறான அடையாளத்தைச் சூட்டுவது திருத்தமாகாது. இவ்விரு வகையினரும் மரியாளை ஓர் ஆடவனோடும் அவர் உடலோடும் தொடர்புபடுத்தியே அறிய முயன்றனர். அவர் என்ன கண்டார், என்ன கூறினார் என்னும் வினா இரு சாராராலும் புறக்கணிக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு மயக்கங்களுக்குமிடையேயுள்ள வேறுபாடு புலனாகும். மரியாளின் மயக்கம் துயரத்தாலும் அன்பாலும் விளைந்தது. அதனால் எவருக்கும் பயன் இருக்கவில்லை. உண்மையின் குரல் கேட்டவுடன் அது நீங்கிற்று. மரியாளைப் பற்றிய மயக்கமோ, தொடக்கத்தில் நல்ல நோக்குடன் எழுந்ததாயினும், நாளடைவிற் பயனுள்ளதாயிற்று. மறையுரையாளருக்கு அது எடுத்துக்காட்டாயிற்று, ஓவியருக்குப் பொருளாயிற்று, பெண்களை அடைத்துவைத்தோருக்கு நியாயமாயிற்று. பயன்படும் தவறு சான்றுகளால் மட்டும் வீழ்வதில்லை. 1517இல் முன்வைக்கப்பட்ட சான்றுகளுக்கும் 1969இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சான்றுகளுக்குமிடையே அடிப்படை வேறுபாடு எதுவுமில்லை. நான்கு நற்செய்திகளும் அன்றும் அவ்வாறே இருந்தன. கேட்பதற்கான ஆயத்தமே பிந்தி வந்தது.

சமயநூல்களை ஆராய்வோருக்கும் வரலாறு பயில்வோருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. மூலநூல் கூறுவது யாது, அதன்மேற் பிற்காலத்தார் ஏற்றியது யாது என்பதைப் பகுத்தறிதல் முதற்கடமையாகும். அதனுடன், ஏற்றப்பட்ட கருத்து யாருக்கு வாய்ப்பாக அமைந்தது, யார் அதற்கு விலை கொடுத்தனர் என வினவுதலும் வேண்டும். முதல் வினாவை லெபேவர் எழுப்பினார். இரண்டாம் வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி டப்ளின் புதைகுழிகளிற் கிடந்தது. மகதலா மரியாளுக்கு அவருடைய சொந்த அடையாளத்தை மீட்டளிப்பது, ஒரு புனிதையின் மதிப்பை உயர்த்துவது பற்றிய செய்தி மட்டுமன்று. அவர் பெயரால் தம் அடையாளத்தை இழந்தோருக்குச் செலுத்தவேண்டிய கடனுமாகும்.